பொத்தான் சிக்னல்: இடம் பார்ப்பது முதல் எறும்பு நுழையும் துளையை அடைப்பது வரை

நான்குவழிச் சாலை ஓரத்தில், பொத்தான் பெட்டியோடு ஒரு சிக்னல் கம்பம். கடக்க வந்தவர்கள் அழுத்துகிறார்கள். அரை நிமிடம் ஆகியும் எதுவும் மாறவில்லை. வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் கையைக் காட்டிக்கொண்டே ஓடிக் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் ஏறிய பிறகுதான் வண்டிகளுக்குச் சிவப்பு விழுகிறது. ஆளே இல்லாத ஜீப்ரா கிராசிங் முன்னால் ஓட்டுநர் ஒரு நாள் நிற்பார், இரண்டு நாள் நிற்பார். மூன்றாம் நாள் போய்க்கொண்டே இருப்பார். அடுத்த மாதம் உண்மையிலேயே ஆள் நடக்கும்போதும் அவர் நிற்கப் போவதில்லை.

இதைப் பார்த்துவிட்டு "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு வராது" என்று பேசி முடித்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் கோளாறு சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் யாரோ போட்டுவைத்த ஓர் எண்ணில்தான் இருக்கும். பொத்தானுக்கு எத்தனை நொடியில் பதில் வருகிறது என்பதே இந்தச் சாதனத்தின் உயிர்நாடி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது ஒன்றிய அரசின் விபத்து அறிக்கை. சந்திப்பு இல்லாத நேர்ச்சாலையில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களுக்கு முன்னால் பொத்தான் சிக்னல் வைப்பது எப்படி என்பதை நகராட்சிப் பொறியாளருக்கும், அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்கிறோம். கணக்குகள் எல்லாம் பக்கத்துக்கு 7 மீட்டர் அகலம், நடுவில் 2 மீட்டர் மீடியன் உள்ள சாலைக்கு.

முதலில் எண்ணுங்கள்

நெரிசல் மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், இரு திசையிலும் சேர்த்து எத்தனை வாகனங்கள் போகின்றன என்று எண்ண வேண்டும். நின்று எண்ணுவதைவிட மாடியிலிருந்து போனில் வீடியோ எடுத்து, பிறகு ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதே வீடியோ பின்னால் வேறு வேலைக்கும் உதவும். உத்தேசித்த இடத்தில் மட்டும் எண்ணாமல் இருபுறமும் 50 மீட்டர் வரை கடப்பவர்களையும் சேருங்கள். மக்கள் எந்த இடத்தில் கடக்கிறார்களோ அதுதான் சரியான இடம். 80 மீட்டர் தள்ளி அழகாக அமைத்துவிட்டு அங்கே வந்து கடக்கச் சொன்னால் வர மாட்டார்கள்.

நடப்போர் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103ஆம் வழிகாட்டியின்படி, மீடியன் இல்லாத சாலையில் விடை 10 கோடியையும் மீடியன் உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் கட்டுப்பாடுள்ள கிராசிங் தரலாம். 300 பேர், 1,500 வாகனங்கள் என்றால் 67.5 கோடி, வாதமே தேவையில்லை. வாகனம் 600ஆகக் குறைந்தால் அதே 300 பேருக்கு 10.8 கோடிதான் வரும். மீடியன் உள்ள சாலையில் அது போதாது.

விடை எல்லைக்குக் கீழே வந்தால் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. ஓராண்டில் அந்த இடத்தில் நடப்பவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ காயப்பட்டிருந்தாலும், வாகன வேகம் மிக அதிகமாக இருந்தாலும் அந்த வழிகாட்டி இடம் தருகிறது. காவல் நிலையத்து விபத்துப் பதிவை எடுத்து, எண்ணிக்கைத் தாளோடு இணைத்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள். அதற்கு முன் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா? தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஆறு மாதம் தூங்கும்.

விளக்குக்கு முன் தரை

மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டிக்குப் பாதுகாப்பாக நிற்க 45 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். 60இல் 80 மீட்டர். அந்தத் தூரத்தில், ஓட்டுநரின் கண் மட்டத்தில் குனிந்து நின்று பாருங்கள். கடக்கக் காத்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை தெரிகிறதா? நடுவில் பூக்கடை, டிரான்ஸ்பார்மர், நிறுத்திவைத்த ஷேர் ஆட்டோ இருந்தால் எந்த மின்னணுவும் அதை ஈடுகட்டாது.

பேருந்து நிறுத்தம் கிராசிங்கைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் நிற்கும் பேருந்தின் மூக்கைச் சுற்றி ஆள் வெளியே வருவார். வலப்பக்கம் வரும் பைக்குக்கு அவர் கடைசி நொடி வரை தெரிய மாட்டார். நம் ஊரில் அதிகம் நடக்கும் மோதலும் இதன் உறவினர்தான். லாரி நின்று வழிவிடும், அதன் மறைவில் பக்கத்து லேனில் இருசக்கர வாகனம் நிற்காமல் வரும். அதனால்தான் ஸ்டாப் லைனைக் கிராசிங்கை ஒட்டிப் போடக் கூடாது. 3 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். இரண்டு லேன் உள்ள பக்கத்தில் 5, 6 மீட்டர் தள்ளினாலும் நஷ்டமில்லை.

கோடுகள் தெர்மோபிளாஸ்டிக்கில், குறைந்தது 2.5 மில்லிமீட்டர் தடிமனில். பட்டை அரை மீட்டர், இடைவெளி அரை மீட்டர். சூடாக இருக்கும்போதே மேலே கண்ணாடி மணி தூவ வேண்டும், சதுர மீட்டருக்கு 250 கிராம். ஒப்பந்தக்காரர் மணியை மிச்சம் பிடித்தாரா என்று பகலில் தெரியாது. இரவில் பைக் ஹெட்லைட் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நடைமேடையிலிருந்து இறங்கும் சரிவு 1:12க்கு மேல் செங்குத்தாக வேண்டாம். சரிவின் அடியில் 300 மில்லிமீட்டர் சதுர, புள்ளி எழும்பிய ஓடுகள் பதியுங்கள். பார்வையற்றவருக்கு "இங்கே சாலை தொடங்குகிறது" என்று சொல்வது அவைதான். கோடு போட்ட ஓடுகளை அங்கே பதித்தால் "நடந்துகொண்டே இரு" என்று அர்த்தமாகிவிடும்.

நேரக் கணக்கு

16 மீட்டரை ஒரே மூச்சில் கடக்க விடுவதா, மீடியனில் நிறுத்தி இரண்டாகப் பிரிப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வழக்கமாகப் பயன்படும் நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். அதன்படி 16 மீட்டருக்கு 13 நொடி போதும் என்று கணக்கு வரும். ஆனால் மருத்துவமனை வாசலில் மூட்டுவலியோடு நடக்கும் பாட்டியின் வேகம் 0.8தான் இருக்கும். கடக்கலாம் என்று காட்டும் பச்சை மனிதன் விளக்கு அணையும் கடைசி நொடியில் அவர் காலெடுத்து வைத்தால், 13 நொடியில் பத்தரை மீட்டர் வந்திருப்பார். முதல் பக்கம் 7, மீடியன் 2, ஆக இரண்டாம் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் உள்ளே நிற்கிறார். அந்த நொடியில் வண்டிகளுக்குப் பச்சை விழுகிறது.

எனவே 0.8ஐ வைத்தே கணக்கிடுங்கள். ஒரே கட்டமாகக் கடக்க மஞ்சள் 3, எல்லாம் சிவப்பு (வண்டிக்கும் நடப்பவருக்கும்) 2, பச்சை மனிதன் 7, ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்க மினுக்கும் பச்சை 20, கடைசியில் எல்லாம் சிவப்பு 1, ஆக 33 நொடி. இரண்டு கட்டமாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 3 + 2 + 7 + 9 + 1 = 22 நொடி. நாங்கள் இரண்டு கட்டத்தையே பரிந்துரைப்போம். மீடியன் 2 மீட்டருக்குக் குறைந்தால் மட்டும் வேண்டாம். சக்கர நாற்காலியும் தள்ளுபவரும் நிற்க அந்த அகலம் வேண்டும்.

இரண்டு கட்டமாக்கும்போது இரு கிராசிங்குகளையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். நேராக இருந்தால் எதிர்ப்பக்கத்துப் பச்சையைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள். மீடியனுக்குள் சில மீட்டர் இடப்பக்கம் நடந்து இரண்டாவதை அடைகிற மாதிரி தள்ளி அமையுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். மீடியனில் இடப்பக்கம் திரும்பி நடப்பவர், அடுத்துக் கடக்கப்போகும் பக்கத்து வண்டிகளை எதிர்கொண்டு நடப்பார். வலப்பக்கம் திருப்பிவிட்டால் அவை முதுகுக்குப் பின்னால் வரும்.

மஞ்சள் 3 நொடி என்பது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு. உண்மையான வேகம் 60 என்றால் 4 வையுங்கள். இல்லையேல் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவிப்பார்கள். அதற்கடுத்த 2 நொடி, மஞ்சளில் நுழைந்துவிட்ட 12 மீட்டர் பேருந்தின் பின்பகுதி கிராசிங்கைத் தாண்டுவதற்கு.

இப்போது தலையாய எண். ஒரு முறை நடப்பவர்களுக்கு விட்ட பிறகு, வண்டிகளுக்குக் குறைந்தபட்சப் பச்சை எவ்வளவு? 30 நொடிக்கு மேல் வேண்டாம். அந்த 30 நொடி ஏற்கெனவே கழிந்திருந்தால், பொத்தானை அழுத்திய கணமே மஞ்சள் விழ வேண்டும். 5 நொடியில் பச்சை மனிதன் வந்துவிடுவான். வண்டிகளுக்குப் பச்சை விழுந்த கணமே அழுத்தியவர்கூட 35 நொடிக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

"அப்படிச் செய்தால் டிராபிக் நின்றுபோகும்" என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். கணக்கைக் காட்டுங்கள். யாராவது ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் மோசமான நிலையில் சுற்று 52 நொடி. அதில் வண்டிகளுக்கு 30. 7 மீட்டர் அகலச் சாலையின் செறிவு ஓட்டம், அதாவது இடைவிடாமல் பச்சை இருந்தால் போகக்கூடிய வண்டிகள், மீட்டருக்கு 525 கார் அலகு (எல்லா வண்டிகளையும் காருக்குச் சமமாக்கிய எண்ணிக்கை) என்ற இந்திய வாய்பாட்டின்படி, மணிக்கு 3,675. அதில் 58 சதவீதம் என்றால் சுமார் 2,120. அந்தப் பக்கம் மணிக்கு 1,500 அலகு போகும் சாலைக்கு இது தாராளம்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பக்கத்துச் சந்திப்பு சிக்னலோடு இதை இணைத்து, அதன் 120 நொடிச் சுற்றுக்குள் அடைத்துவிடுவார்கள். அழுத்தியவர் ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டிவரும், ஆனால் நிற்க மாட்டார். இணைத்தே தீர வேண்டுமானால் பாதிச் சுற்று, அதாவது 60 நொடிக்கு ஒரு வாய்ப்பு என்று கேளுங்கள்.

பொத்தான், ஒலி, உணரி

பொத்தான் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சரிவின் பக்கவாட்டில், சக்கர நாற்காலியிலிருந்து கை எட்டும்படி இருக்கட்டும். மீடியனிலும் தனிப் பொத்தான் அவசியம். அழுத்தியதும் "காத்திருக்கவும்" என்ற விளக்கு எரிய வேண்டும். இது இல்லாவிட்டால் வேலை செய்கிறதா என்ற சந்தேகத்தில் பத்து முறை குத்துவார்கள். பொத்தானின் ஆயுள் அதில்தான் குறையும். மனிதக் கை படும் இடம் என்பதால் பொத்தானுக்கு 12 அல்லது 24 வோல்ட் மட்டுமே.

ஒலி இரண்டு வகை. சும்மா இருக்கும்போது நொடிக்கு ஒரு மெல்லிய டிக், பெட்டி எங்கே என்று காட்ட. கடக்கலாம் என்னும்போது நொடிக்கு எட்டுப் பத்து டிக், படபடவென்று. சுற்றுச் சத்தத்தைவிட 5 டெசிபலுக்கு மேல் தேவையில்லை. கூடினால் பக்கத்து வீட்டுக்காரரே வயரை அறுத்துவிடுவார். இரண்டு கட்டக் கிராசிங்கில் ஒலியை நம்பக் கூடாது. எந்தப் பக்கத்துப் பச்சைக்குக் கேட்கிறது என்று குழம்பும். பிரிட்டனில் பொத்தான் பெட்டியின் அடியில் ஒரு சிறிய கூம்பு இருக்கும். பச்சை வந்தால் சுழலும். விரலை வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதிரும் பொத்தானும் அதே வேலையைச் செய்யும்.

உணரிகளில் (சென்சார்) உண்மையில் காசுக்குப் பலன் தருவது கிராசிங் மேல் இருப்பவரைப் பார்க்கும் உணரி. 3.5 முதல் 4 மீட்டர் உயரத்தில் மைக்ரோவேவ் அல்லது வெப்பக் கேமரா வைத்தால், இன்னும் ஆள் நடந்துகொண்டிருந்தால் எல்லாம் சிவப்பை நொடி நொடியாக நீட்டும். அப்போது 9 நொடி போதாத பாட்டிக்கும் வழி உண்டு. காத்திருப்பவரைப் பார்க்கும் உணரி இன்னொரு வகை. அழுத்திவிட்டு ஓடிப்போனவரின் கோரிக்கையை அது ரத்து செய்யும். பிரிட்டனின் பஃபின் கிராசிங் இந்த இரண்டையும் கொண்டது. அங்கே 2016 விதிகளுக்குப் பிறகு இந்த உணரிகள் இல்லாத பழைய பெலிக்கன் வகை புதிதாக அமைக்கப்படுவதில்லை. ஆனால் பஃபினில் மனித உருவ விளக்கு பொத்தான் பெட்டிக்கு மேலேயே இருக்கும். அதைக் காப்பியடிக்காதீர்கள். இருபது பேர் கூடி நிற்கும் நம் நிறுத்தத்தில் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்கக் கம்பத்திலேயே இருக்கட்டும்.

சிங்கப்பூரில் 2009 முதல் இன்னொரு வழி இருக்கிறது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால், சாலை அகலத்தைப் பொறுத்துப் பச்சை 3 முதல் 13 நொடி வரை நீளும். எல்லார் கையிலும் அப்படி ஓர் அட்டை இருக்கும் ஊருக்கு அது சரி.

மின்சாரமும் மழையும்

ஒரு நேரத்தில் எரியும் எல்இடி விளக்குகள், கன்ட்ரோலர், ஒலிப்பான் எல்லாம் சேர்ந்து 100 வாட் என்று கொள்ளலாம். முழுக்க சோலாரில் ஓட்ட நாளைக்கு 2.4 யூனிட்; 4.5 மணி நேர வெயில், 70 சதவீதத் திறன் என்றால் 760 வாட் பேனல். அதாவது மூன்று பெரிய பலகைகளைக் கம்பத்தில் தூக்கி நிறுத்த வேண்டும். புயல் காற்றுக்கு அது பாய்மரம். மின்வாரிய இணைப்பும் பேட்டரியும்தான் புத்திசாலித்தனம். 4 மணி நேர மின்தடைக்கு 400 வாட் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல், இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று.

கன்ட்ரோலர் பெட்டியின் பீடம் அந்த இடத்தில் கண்ட மழைவெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். பொதுவாக அரை மீட்டர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் முடிக்கப் பாருங்கள். சாலைக்கு அடியில் 100 மில்லிமீட்டர் குழாய் இரண்டு போடுங்கள்; ஒன்று இப்போதைக்கு, ஒன்று காலி. பின்னால் ஒரு கேபிளுக்காகச் சாலையை மறுபடி வெட்டினால் அனுமதி வாங்குவதற்குள் நரைத்துவிடும். கேபிள் நுழையும் துளையை நுரையால் முழுக்க அடைக்க வேண்டும். எறும்பும் பல்லியும் சூடான சர்க்யூட் போர்டைத் தேடி வரும். ரிலே என்ற மின்சுவிட்சுக்குள் நசுங்கிய எறும்பு ஒன்று போதும், தொடர்பு விட்டுப்போக. எர்த் 5 ஓமுக்குக் கீழே, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம்.

கன்ட்ரோலர் வாங்கும்போது இரண்டு பாதுகாப்புகளை எழுத்தில் கேளுங்கள். வண்டிக்கும் மனிதருக்கும் ஒரே நேரத்தில் பச்சை வந்தால் உடனே மினுக்கும் மஞ்சளுக்குப் போக வேண்டும். வண்டிக்கான சிவப்பு விளக்கு கருகியிருந்தால் பச்சை மனிதனைக் காட்டவே கூடாது. விலைப்புள்ளியில் சத்தமில்லாமல் விடுபடுவது இரண்டாவதுதான்.

இரவு

கிராசிங்குக்கு நேர் மேலே தெருவிளக்கு வைத்தால் தலையும் தோளும்தான் வெளிச்சமாகும். ஓட்டுநருக்குத் தெரிவது கறுப்பு நிழல். வண்டி வரும் திசையில் கிராசிங்குக்கு 3, 4 மீட்டர் முன்பாக விளக்கை வைத்தால் அவர் பார்க்கும் பக்கம், அதாவது நடப்பவரின் உடல், வெளிச்சமாகும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வண்டியைப் பார்த்தபடி வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரை நிமிர்த்திப் பிடித்து 20 லக்ஸ் வருகிறதா என்று பாருங்கள். மீடியன் உள்ள சாலையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பம் வேண்டும். சாலையில் பதிக்கும் சோலார் மினுக்குப் பொத்தான்கள் திறப்பு விழாவில் ஜொலிக்கும். மேலே தூசி படிந்து, உள்ளே பேட்டரி செத்த பிறகு அவை வெறும் பிளாஸ்டிக். அந்தப் பணத்தை விளக்குக் கம்பத்துக்குப் போடுங்கள்.

சிக்னல் அளவுக்குப் போக முடியாத இடத்தில்

இருவழிச் சாலை, கூட்டம் குறைவு என்றால், பொத்தான் அழுத்தினால் மட்டும் மின்னும் இரட்டை மஞ்சள் பட்டை விளக்கு போதும். அமெரிக்காவில் 2008இல் இந்த விளக்குக்குத் தற்காலிக ஒப்புதல் கிடைத்தது. அங்கே பின்னர் ஏற்கப்பட்ட மின்னும் முறை 800 மில்லி நொடிச் சுற்று: இடம், வலம், இடம், வலம், இரண்டும், இரண்டும், ஒவ்வொன்றும் 50 மில்லி நொடி, நடுவே 50 இருட்டு, கடைசியில் 250 இருட்டு. சாதாரணமாக மினுங்கும் மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்ணை இந்த ஒழுங்கற்ற துடிப்பு இழுக்கும். விளக்கு பெரும்பாலான நேரம் அணைந்தே இருக்கும் என்பதால் இங்கே சோலார் பொருந்தும். நாளைக்கு 300 அழுத்தல், ஒவ்வொன்றும் 20 நொடி என்றாலும் 50 வாட் மணியைத் தாண்டாது. 40 வாட் பேனல், 12 வோல்ட் 20 ஆம்பியர் மணி பேட்டரி தாங்கும். 24 மணி நேரமும் மின்னவிட்டால் ஒரே வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். பள்ளி முன்னால் இருக்கும் பல விளக்குகளின் கதை அதுதான்.

இது யாரையும் சட்டப்படி சிவப்பால் நிறுத்தாது. சிக்னல் இல்லாத கிராசிங்கிலும் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஆனால் அந்தப் பழக்கம் நம் சாலையில் இன்னும் வேர்விடவில்லை. ஆகவே விளக்கோடு, வேகத்தடைபோல் உயர்த்திய மேடைக் கிராசிங்கும் சேர்த்தே அமையுங்கள். வேகம் 30க்குக் கீழே வந்தால்தான் மஞ்சளுக்கு மரியாதை.

ஓட்டிப் பார்ப்பது

திறக்கும் நாளுக்கு முன் நிறுத்து கடிகாரத்தோடு நில்லுங்கள். சாலை சும்மா இருக்கும்போது அழுத்தி 5 நொடியில் பச்சை மனிதன் வருகிறானா? வண்டிகளுக்குப் பச்சை திரும்பியதும் மறுபடி அழுத்தினால் 35க்குள் வருகிறானா? சிவப்பு விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். பச்சை மனிதன் வந்தால் கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்புங்கள். மின்வாரிய சுவிட்சை அணைத்து பேட்டரி தாங்குவதையும் பாருங்கள். கிழக்கு மேற்குச் சாலை என்றால் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் வெயில் எதிரே அடிக்கும்போது சிவப்பு தெரிகிறதா என்று பார்த்து, விளக்கின் வெயில் தொப்பியையும் பின்பலகையையும் சரிசெய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முதலில் எடுத்த அதே மாடியிலிருந்து மறுபடி ஒரு மணி நேர வீடியோ. அழுத்தியவர்கள் எத்தனை பேர், பச்சைக்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர், சிவப்பைத் தாண்டிய வண்டிகள் எத்தனை? ஆள் விலகிய இடத்துக்கு வண்டி வந்துசேர எத்தனை பிரேம் என்று எண்ணினால் நூலிழையில் தப்பியவர்களும் கணக்கில் வருவார்கள். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் போனில் 45 பிரேமுக்குக் குறைவானவை எல்லாம் ஆபத்து. காத்திருப்பு குறைந்தும் சிவப்புத் தாண்டல் குறையவில்லை என்றால்தான் கேமராவுக்குப் போக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, 2021 முதல், கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகையையும் கருவிக்கு ஒப்புதல் சான்றையும் கேட்கிறது. அவை இல்லாவிட்டால் அபராதம் நிற்காது.

பிறகு மாதம் ஒரு முறை லென்ஸ் துடைப்பு, பொத்தான் சோதனை, மரக்கிளை கழிப்பு. வேப்பமரம் ஒரு மழைக்காலத்தில் 300 மில்லிமீட்டர் விளக்கை மூடிவிடும். பிளெக்ஸ் பேனருக்கு அந்த அளவு அவகாசமும் தேவையில்லை, ஒரே இரவு போதும். ஒரு நாள் முழுக்க ஒருவரும் அழுத்தாத பொத்தானையும், தொடர்ந்து அழுத்தியபடியே சிக்கிக்கொண்ட பொத்தானையும் கன்ட்ரோலர் தானாகவே பழுது என்று பதிய வேண்டும். பழுது சொல்ல வேண்டிய எண்ணையும் கம்பத்தின் வரிசை எண்ணையும் ஸ்டிக்கராக ஒட்டாமல், பெயின்டால் கம்பத்திலேயே எழுதுங்கள். உதிரியாக ஒரு சிவப்பு விளக்கும் இரண்டு பொத்தானும் நகராட்சி ஸ்டோரில் இருக்கட்டும்.